வடிவு கேட்ட எழுத்து

பூதலிங்கம் அண்ணன் எனக்கு நேரடியாகப் போன் செய்கிறவர் அல்ல. சாலைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் தங்கை வடிவு வழியாகச் சொல்லி அனுப்புவார். அன்று காலை நான் கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆபீஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. அவர் பெயர் போனில் வந்ததும், வடிவின் போன் கெட்டுப்போயிருக்கும், அதனால் அண்ணன் போனிலிருந்து கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ராஜிம்மா, வடிவு போயிட்டா" என்றார்.

"எங்கே?" என்று கேட்டேன்.

பின்னால் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு நாள் முன்புதான் வடிவோடு பேசியிருந்தேன். காய்ச்சல், உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, மாத்திரை போட்டிருக்கிறேன், அதிகம் பேசவைக்காதே என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் போனை வைப்பாள். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் சிறுநீரகமும் ஈரலும் நின்றுவிட்டன என்று அண்ணன் பிறகு சொன்னார். மழைத் தண்ணீர் கடைக்குள் ஏறியபோது, கணுக்கால் அளவுச் சேற்றில் நின்று சாமான்களை மேலே தூக்கி வைத்திருக்கிறாள். காலில் ஏதோ ஆணி கீறியிருந்ததாம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சிதம்பரவடிவு என்ற முழுப்பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கழக்கூட்டத்து அலுவலகங்களில் அவளோடு வேலை செய்த மலையாளிகளுக்கு அவள் வடிவேச்சி, அதாவது வடிவக்கா. மேலதிகாரிகளுக்கு 'அந்த யூனிக்ஸ் லேடி'. எனக்கு வடிவு. அவளைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கடைசியில் என்ன நடந்தது, ஏன் வேலையை விட்டாள் என்றெல்லாம் கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழுதாக ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நாங்கள் அறிமுகமானது ஒரு சண்டையில். நான் அப்போது ஜாவா என்ற கணினி மொழியில் அறிக்கைகள் தயாரிக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எண்களை வாங்கி, கோடாக வரைந்து, படமாகத் தரும் வேலை. என் மேசைக் கணினியில் அழகாக வரையும். எல்லாருக்கும் பொதுவான பெரிய கணினியான யூனிக்ஸ் சர்வரில் ஏற்றினால், திரையைக் காணவில்லை என்று ஒரு பிழைச் செய்தி எழுதிவிட்டு நின்றுவிடும். வடிவுக்கு முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அதற்கு ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தார். சர்வர் அறையில் ஒரு மானிட்டரை மாட்டி, அதில் யாரோ உட்கார்ந்து வேலை செய்வதுபோல எப்போதும் உள்ளே நுழைந்த நிலையிலேயே விட்டுவைத்திருந்தார். அந்தத் திரை இருக்கிற தைரியத்தில் என் மென்பொருள் படம் வரைந்துகொண்டிருந்தது. 'தொடக்கூடாது' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் ஏசி பழுது பார்க்க வந்தவர் அதை அணைத்துவிட்டுப் போனார். எல்லா ஊரிலும் அறிக்கைகள் நின்றன.

வடிவு சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் போய் அவளிடம் கத்தினேன். உங்கள் ஆட்கள் மானிட்டரைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். அவள் பிழைச் செய்தியை முழுவதும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க புரோகிராம் படம் வரையதுக்கு டிவி தேடுகு. ஆளே இல்லாத முறிக்கு டிவி எதுக்கு?" என்றாள். முறி என்றால் அறை. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து சாலைக் கடைவீதியில் வளர்ந்தவள். அவள் தமிழில் எது நாஞ்சில், எது மலையாளம் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மென்பொருள் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். இங்கே திரை இல்லை, விசைப்பலகை இல்லை, யாரும் பார்க்கப்போவதில்லை, நினைவகத்துக்குள்ளேயே வரைந்துகொள் என்று ஜாவாவுக்குச் சொல்லும் வரி. தலையில்லாத நிலை என்று அதற்குப் பெயர். படம் வந்தது. அந்த மானிட்டரைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, வராந்தா வழியாக ஸ்டோர் அறைக்கு அவளே கொண்டுபோனாள். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

இனிமையானவள் என்று அவளைச் சொல்ல மாட்டேன். கூட்டங்களில் உட்காரமாட்டாள். முதுகுவலி என்று சொல்லிச் சுவரோடு நிற்பாள். அவள் நிற்பதே பலருக்கு எரிச்சலாக இருக்கும். பிறந்தநாள் கேக் வெட்டும்போது இடத்தை விட்டு எழுந்து வரமாட்டாள். நன்றி சொன்னால் காதில் விழாததுபோல் இருப்பாள். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. என் கணவர் உடம்பு முடியாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். என் மாமியார் அவளிடம், "நீயாவது இவளுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லப்படாதோ?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே மாமி, தெரியாதத எப்படிச் சொல்ல?" என்றாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவள் ஒருத்தியின் பக்கத்தில்தான் அழ முடிந்தது.

வேலையில் அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "ஓடுகுங்கதுக்காக சரியா இருக்குன்னு இல்ல, கேட்டியா." புதிதாக ஏதாவது நிறுவி, அது ஓடுகிறது என்று எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்வாள். அபசகுனம் என்று சிலர் நினைத்தார்கள்.

இனி அந்த மருத்துவ முகாம் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

ஓர் அறக்கட்டளை மலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இலவசப் பரிசோதனை முகாம்கள் நடத்தியது. பொன்முடிப் பக்கத் தோட்டங்களும் அதில் இருந்தன. வண்டி மேலே போகும், ரத்தம் எடுப்பார்கள், முடிவுகள் கணினியில் ஏறும், எங்கள் மென்பொருள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு தயாரிக்கும். பெயர், வயது, எந்த லயம், ரத்தத்தில் என்னென்ன எவ்வளவு, போன முகாமுக்கும் இதற்கும் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று காட்டும் கோடு, கீழே டாக்டர் சொல்லும் ஒரு வரி. எல்லாம் சேர்ந்து ஒரே படமாக வரும். அதை அச்சிட்டுக் கொடுப்பார்கள்.

லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகள். அங்கே இருக்கும் வயதானவர்கள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். முகாமில் பெயர்களைப் பதிவு செய்த நர்ஸ் ஸ்டெல்லா தமிழ் தெரிந்தவள். அவர்களே தங்கள் கார்டைப் படிக்கட்டும் என்று பெயர்களைத் தமிழிலேயே அடித்தாள். எங்கள் மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டது. சேமித்தது. வரையும்போதுதான் சிக்கல் வந்தது.

சர்வருக்குக் கண் இல்லை என்பதோடு, அதற்கு எழுத்தும் தானாகத் தெரியாது. எந்த மொழியின் எழுத்துரு அந்த இயந்திரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த மொழியில்தான் வரையும். இல்லாத எழுத்துக்கு ஒரு காலிக் கட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழைச் செய்திகூட வராது. எங்கள் சர்வரில் ஆங்கிலம் இருந்தது, மலையாளம் இருந்தது. தமிழ் இல்லை. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாகக் காலிக் கட்டங்களாக வந்தன.

முதல் முகாமின் கார்டுகளிலேயே வடிவு இதைப் பார்த்துவிட்டாள். தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றை சர்வரில் வைத்து, மென்பொருளை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. சோதனை சர்வரில் செய்தும் காட்டினாள். ஆனால் உண்மையான சர்வரில் அனுமதி இல்லாமல் ஒரு கோப்பைக்கூட வைக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். அனுமதி தர வேண்டியவர் எங்கள் மேனேஜர். ஒப்பந்தத்தில் இரண்டு மொழிதான் எழுதியிருக்கிறது, மூன்றாவதைச் சேர்த்தால் அதற்கும் நாமே பொறுப்பாகிவிடுவோம், அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்றார். நான் வேறு வழி பார்த்தேன். எழுத்துருவை மென்பொருளுக்குள்ளேயே பொதிந்து அனுப்பும்படி எழுதிக் கொடுத்தேன். அதுவும் அடுத்த வெளியீட்டுக்கான வரிசையில் போய் நின்றது. அடுத்த வெளியீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வடிவு மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள். மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அது ஒரு அழகுக் குறைபாடு. நம்பர் சரியாக வருகிறதல்லவா என்றார்.

சில மாதங்கள் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஒரு புகார் வந்தது. சரோஜா என்ற தோட்டத் தொழிலாளிக்கு, சிறுநீரகம் கெட்டிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று கார்டு போயிருக்கிறது. அந்தப் பெண் பதறியடித்துக் கீழே இறங்கி வந்து, மறுபடி சோதித்துப் பார்த்ததில் ஒன்றுமே இல்லை. தவறான அறிக்கை, கவனிக்கவும் என்று எழுதி, கார்டின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் கணக்கெல்லாம் சரிபார்த்து, மென்பொருளில் பிழை இல்லை என்று முடித்து வைக்கப் போனார்.

வடிவு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டங்கள். எழுத்துக்கு ஒரு கட்டம், அதன் காலுக்கோ கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொரு கட்டம் என்றுதான் சர்வர் போடும். அவள் விரலை வைத்து எண்ணினாள்.

"சரோஜாவுக்கு அஞ்சு கட்டம் வந்தா போதும் ராஜி. இதுல பதினொண்ணு இருக்கு. அப்போ இது யாருக்க கார்டு?"

அந்த அறையில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை, எனக்கும்தான். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்பதோடு எங்கள் எண்ணம் நின்றுவிட்டது. கார்டின் மூலையில் சிறியதாக இருந்த எண்ணை வைத்துத் தேடினேன். பேச்சியம்மா என்று வந்தது. அதே லயம், அதே வயது. போன் நம்பர் இல்லை. கார்டுகளை மேலே கொண்டுபோய்க் கொடுத்தவர் பெயரைப் படிக்க முடியாமல், லயத்தையும் வயதையும் பார்த்து, இரண்டு பேர் கார்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆக, நோய் உள்ளவள் கையில் நோய் இல்லை என்ற கார்டு இருந்தது.

அறக்கட்டளைக்குச் சொன்னோம். அடுத்த முகாமில் அந்த அம்மாவிடம் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த முகாம் எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை. வந்த சனிக்கிழமை வடிவு பஸ் ஏறினாள். நானும் போனேன்.

வளைவுகளில் எனக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. அவள் என் பையைப் பிடித்துக்கொண்டு, சன்னல் பக்கம் என்னைத் தள்ளி உட்காரவைத்தாள். சரோஜா வீட்டைக் கண்டுபிடித்து விசாரித்தோம். அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய வீட்டு வாசலில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. எங்களை அறக்கட்டளை ஆட்கள் என்று நினைத்து உள்ளே போய்த் தன் கார்டை எடுத்துவந்து காட்டினாள். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதில் ஐந்து கட்டங்கள். கோடு தட்டையாக, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் நலம் என்று அடியில் மலையாளத்தில் இருந்தது. மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். உடம்பு ஊதுவது வேலைக் களைப்பில்தான், ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று கார்டே சொல்லிவிட்டது என்று அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வடிவு தரையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கார்டு மாறிவிட்டது, இது சரோஜாவுடையது, உங்களுடையது வேறு, அதில் இப்படி இருக்கிறது, இன்றைக்கே எங்களோடு கீழே வர வேண்டும் என்றாள். பேச்சியம்மா கொஞ்ச நேரம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நல்லாருக்குன்னு போட்டது சரோஜாவுக்கா?" என்று கேட்டாள். "அவளாவது நல்லாருக்கட்டும்மா. சின்னப் பிள்ளைங்க இருக்கு அவளுக்கு."

சரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அன்று மாலைப் பஸ்ஸில் பேச்சியம்மாவைக் கீழே கொண்டுவந்தோம். கார்டு அச்சான சமயத்தில் வந்திருந்தால் மருந்திலேயே சில வருடங்கள் ஓட்டியிருக்கலாம், இப்போது சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறையப் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். டயாலிசிஸ் தொடங்கினார்கள். வாரத்துக்கு இருமுறை மலையிலிருந்து இறங்கி ஏற வேண்டும். பஸ் இருக்கிற நாளில் பஸ்ஸில், இல்லாத நாளில் தேயிலை ஏற்றும் வண்டியில். சரோஜா கூட வருவாள். சில நாட்கள் வடிவு மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். சில மாதங்களில் பேச்சியம்மா இனி வரவில்லை என்று தானே சொல்லிவிட்டாள். போய்வருவதற்கே உடம்பு போதவில்லை என்றாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

கம்பெனி விசாரணை நடத்தி ஒரு அறிக்கை எழுதியது. ஒப்புக்கொள்ளப்படாத மொழியில் பெயர்களைப் பதிவு செய்ததே காரணம் என்று இருந்தது. அதாவது நர்ஸ் ஸ்டெல்லாவின் பிழை. சர்வர் பொறுப்பாளர் என்ற முறையில் வடிவு அதில் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அங்கேயும் அவள் உட்காரவில்லை.

"ஸ்டெல்லா அடிச்ச பேருல ஒரு தப்பும் இல்ல சாரே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வரைஞ்சு தந்தது நம்ம சர்வர். அதுல தமிழ் எழுத்து இல்ல. நான் கேட்டேன், நீங்க தரல்ல. இத அப்படியே எழுதுங்க, நான் ஒப்பு போடுதேன்."

மேனேஜர் வெகுநேரம் பேசினார். இது யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, கோப்பை முடித்துவைக்கத்தான் என்றார். வாடிக்கையாளர் போய்விட்டால் இந்தக் குழுவில் இத்தனை பேர் வேலை என்ன ஆகும் என்று கேட்டார். அது உண்மையான கேள்வி. வடிவு கேட்டுக்கொண்டு நின்றாள். ஒப்புப் போடவில்லை. எழுத்துருவை மென்பொருளுக்குள் வைக்கும்படி நான் எழுதிக் கொடுத்ததையும், அது எங்கே நின்றது என்பதையும் நானும் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டார். அறிக்கை எங்கள் கையெழுத்து இல்லாமலே போயிற்று. அறக்கட்டளையில் ஸ்டெல்லாவுக்கு வேலை போயிற்று.

வடிவு நேராக அறக்கட்டளை அலுவலகத்துக்கே போனாள். நடந்ததை அங்கே இருந்த பெரியவர்களிடம் சொன்னாள். அவர்கள் மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, கேட்டார்கள். அடுத்த மாதமே முகாம்களை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வம்பு வரும் என்றால் தோட்டப் பக்கமே வேண்டாம் என்று அவர்களுடைய குழு முடிவு செய்ததாம். ஸ்டெல்லாவை அவர்கள் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

அந்தச் செய்தி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் வடிவு டப்பாவைத் திறக்கவில்லை. "நான் வாய மூடிட்டு இருந்திருந்தா, வண்டியாவது மேல போயிருக்கும்" என்றாள். அப்படிச் சொல்லாதே என்றேன். "பின்ன எப்படிச் சொல்ல?" என்று கேட்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தேடிப் பார்த்துவிட்டேன். நீ செய்தது சரி என்று பலர் அவளிடம் சொன்னார்கள். உங்களில் சிலர் சொன்னீர்கள். அவள் அதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. சரியான காரியத்தைச் செய்தால் எங்கேயோ ஒரு நல்லது நடக்கும் என்று நாம் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவள் செய்ததால் நடந்தது, ரத்தம் எடுக்க வந்த வண்டி நின்றதுதான். அதை அவள் கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்த்தாள்.

அடுத்த வெளியீடு ஒருவழியாக வந்தது. அதில் தமிழ் எழுத்துருவும் இருந்தது. வரிசையில் நின்றவற்றை எல்லாம் யாரோ அனுமதித்துவிட்டிருந்தார்கள். நான் சோதித்துப் பார்த்தேன். எழுத்துகள் அழகாக விழுந்தன. ஆனால் வரைவதற்கு ஒரு தமிழ்ப் பெயரும் வரவில்லை. நகரத்து ஆய்வகங்கள்தான் அதை உபயோகித்தன. வடிவிடம் சொன்னபோது, "சரி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருடம் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேறு இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போனாள். அவர்கள் பழைய இடத்தில் விசாரித்திருப்பார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு அண்ணன் கடையில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தாள். அவளுடைய அறிவு வீணாகிறது என்று பூதலிங்கம் அண்ணனே வருத்தப்படுவார். கதவுக் கீலும் தாழ்ப்பாளும் கம்பிச் சுருளுமாக இருந்த கடையில், அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் வேலை செய்தாள். நான் மாதத்துக்கு ஒருமுறை போவேன். எங்கள் ஆபீஸில் எல்லாவற்றையும் சிறு சிறு பொட்டலங்களாக, கிளவுட் எனப்படும் தூரத்துச் சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பொட்டலங்களில் எடை குறைக்க எழுத்துருக்களையும் வரையும் கருவிகளையும் எடுத்துவிடுகிறார்கள். மறுபடி படங்கள் நிற்கின்றன என்று ஒருமுறை சொன்னேன். "திரும்பவும் டிவி தேடுகா?" என்று கேட்டுச் சிரித்தாள். டிவி தேடவில்லை, எழுத்தைத் தேடுகிறது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்கு வந்த ஒருவருக்கு ஆணி நிறுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

ஆனால் பொன்முடிக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. இது எனக்கே அவள் இறந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது பஸ் ஏறிவிடுவாளாம். சரோஜா வீட்டில் மதியம்வரை இருந்துவிட்டு வருவாளாம். அங்கே என்ன பேசுவார்கள் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. போகாதே என்று சொல்லிப் பார்த்தாராம். போய்விட்டு ஒருநாளும் முகம் தெளிந்து திரும்பியதில்லை என்றார்.

சடங்குகள் முடிந்த பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூதலிங்கம் அண்ணன் வடிவின் போனை என் முன்னால் வைத்தார். "மேல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. எங்களுக்கு என்ன சொல்லதுன்னு தெரியல்ல. நீங்க பேசுங்க" என்றார். எத்தனையோ தவறிய அழைப்புகள், எல்லாம் சரோஜாவுடையவை.

அங்கேயே, அவர் முன்னால் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, "அக்கா, ஏன் இத்தனை நாளா வரலை?" என்றாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு வடிவு காய்ச்சலில் போய்விட்டதைச் சொன்னேன்.

"அக்காவுக்குக் காய்ச்சல்னு யாரும் பாக்கலையா?" என்று கேட்டாள்.

காலில் ஆணி கீறியதை வடிவு யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

"பேச்சியக்கா போனதுலேருந்து லயத்துல ஒருத்தரும் அதப் பத்திப் பேசமாட்டாங்கம்மா. பேசுனா எம் மூஞ்சியப் பாக்கணும்ல. வடிவக்கா மட்டும்தான் வந்து பேசும். எனக்குக் குடுத்த சீட்டுதான அது, நான் ஆஸ்பத்திரியில, இது என் சீட்டு இல்லன்னு சொல்லிருக்கணும்ல, எனக்குப் படிக்கத் தெரியலையே அப்படிம்பேன். படிக்கற மாதிரி அதுல ஒண்ணுமே இல்ல, நீ என்ன செய்வன்னு அக்கா சொல்லும். ஒவ்வொரு தடவையும் கேப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லும். இனி நான் யாருகிட்டக் கேக்க?"

நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் நம்பரை மட்டும் கொடுத்தேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். தேயிலை, மழை, பெரிய பையனின் பள்ளிக்கூடம் என்று ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். நான் வடிவு சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். அவளுக்கு அது போதவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிகிறது. மேலே போக வேண்டும் என்று நினைக்கிறேன், இன்னும் போகவில்லை. போன் வந்தால் எடுக்கிறேன். வடிவு விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.